மூன்று பந்தயங்கள்

அமெரிக்கத் தெற்கு தன் ஸ்டாக் கார் பந்தயத்தை ஏழை வெள்ளையரின் கலகமாகச் சொல்லிக்கொள்வதுண்டு: கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீசுக்குத் தண்ணி காட்டிய கார்கள், பிறகு 1948இல் நாஸ்கார் அமைப்பு. இந்தக் கதையாடல் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே நம் கேள்வி.

1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பர் ஜெயித்தார். கோப்பையை ஒரு வெள்ளையரிடம் கொடுத்தார்கள். சுற்று எண்ணியதில் தப்பு நடந்துபோச்சு என்று ஒப்புக்கொண்டது கூட்டம் கலைந்த பிறகுதான்.

அடுத்து வில்லி டி. ரிப்ஸ். 1978இல் சார்லட் பந்தயத்துக்கு அவருக்கொரு கார் பேசிவைத்திருந்தார்கள். பயிற்சிக்கு அவர் வராததால் அது கைமாறியது. இதை மறைக்க வேண்டியதில்லை. பின்பு டிரான்ஸ்-ஆம் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் 1983இல், முதல் வருஷமே, ஐந்து வெற்றிகள். 1986இல் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தார். இடமும் வலமும் வளையும் தடங்களில் பழகியவருக்கு, பெரும்பாலும் இடப்பக்கமே திரும்பும் நீள்வட்டமும் கனத்த வண்டியும் புதுசு. பழக வருஷங்கள் வேணும். கிடைத்தது மூன்றே பந்தயம்.

'திறமை இருந்தா மேல வந்திருப்பாரே' என்பார்கள். திறமை தானாக இடம் மாறுவதில்லை; தோற்றுத் தோற்றுக் கற்க அவகாசமும் அதற்குப் பணம் போட ஆளும் வேண்டும். வெள்ளையர் தோற்றால் அது பயிற்சி. கறுப்பர் தோற்றால் அது நிரூபணம்.

இதே ரிப்ஸ்தான் 1991இல் இண்டியானாபொலிஸ் 500க்குத் தகுதி பெற்ற முதல் கறுப்பர். நாஸ்கார் உச்சப் பிரிவில் ஸ்காட்டுக்கு அடுத்த கறுப்பு வெற்றி 2021இல், பப்பா வாலஸுடையது. இடையில் கிட்டத்தட்ட 58 வருஷம். தடை என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. அவகாசம் தராமலிருந்தாலே போதும்.