சும்மா மிதித்த மண்

சில ஆண்டுகளுக்கு முன் தென்னேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மண்பாண்டம் செய்யும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அந்த வீட்டு அக்கா மண் மிதித்துக்கொண்டிருந்தார். “எத்தனை வருசமா பானை செய்யறீங்க?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “நா எங்க டீச்சர் செய்யறேன்? அவருதான் செய்யறாரு. நா சும்மா மண்ணு மிதிச்சுக் குடுப்பேன்.”

அந்தச் ‘சும்மா’வுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பதை அன்று மாலைவரை பார்த்தேன். ஏரியிலிருந்து வந்த களிமண்ணைக் காயவைத்து உடைக்க வேண்டும். கல்லும் வேரும் பொறுக்கி, சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து மிதிக்க வேண்டும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடி இருக்காது. அரை ஈரத்தில் அதை மடியில் வைத்து, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். செம்மண் குழம்பு பூச வேண்டும். வெடித்துவிடாமல் நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி வைக்க வேண்டும். சூளைக்கு வைக்கோலும் வறட்டியும் சேர்க்க வேண்டும். ஒரு பானைக்குச் சக்கரம் சுற்றியது சில நிமிடங்கள். மீதி நாட்களெல்லாம் சும்மா.

இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் பெண்கள் சக்கரத்தைத் தொடுவதற்கு விலக்கு உண்டு. தொழிலின் அடையாளம் சக்கரம் என்று வைத்து, அதை அவள் தொடக்கூடாது என்றும் வைத்துவிட்டால், அவள் செய்யும் மற்ற எல்லாமே ஒத்தாசையாகிவிடும். மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் சக்கரம் இல்லை, கையாலேயே வனைகிறார்கள். அங்கே வனைபவர்கள் மணமான பெண்கள். ஆக, பெண்ணுக்கு வனையத் தெரியாது என்பதல்ல சிக்கல்.

நம்மிடமே பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். குயத்தி என்றால் குயவர் குலப் பெண். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நேருக்கு நேர் விளித்து, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த உன் பகைவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் அவர். அதே தொகையின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம் பேசுகிறாள். ஈமத்தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள். வகுப்பில் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து நடத்துவேன். ஒன்றில் குயத்தி அரசனை எடைபோடுகிறாள். மற்றதில் பெண் தன் சாவுக்கான கலத்தின் அளவைச் சொல்கிறாள். கலம் செய்பவளாக ஒரு பெண்ணை இவ்விரு பாட்டிலும் காண முடியாது.

மணப்பொருளின் கதையும் இதுவே. நெடுநல்வாடையில் வாடைக்கால அரண்மனை வருகிறது. குளிருக்குச் சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பெண்களின் கூந்தலுக்கு அகில் புகைக்கிறார்கள். குற்றேவல் செய்வோர் வேறொரு கல்லில் நறுமணக் கூட்டு அரைக்கிறார்கள். பாட்டின் அரசன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று உரை அடையாளம் கண்டது. அரைத்தவர்கள் குற்றேவலராகவே நின்றார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் துவர் 10, விரை 5, ஓமாலிகை 32 என 47 பொருள்கள் ஊறுகின்றன. அந்த நீரை அழகுக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போகிறோம். எதை எவ்வளவு, எத்தனை நேரம் ஊறவைப்பது என்று அறிந்த ஒரு தொழில் அதற்குள் இருப்பதைக் கவனிப்பதில்லை.

அதே அறிவு எழுத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மெசபடோமியாவில் ஓர் உதாரணம் உண்டு. சுமார் 3200 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகை ஒன்று தப்பூத்தி என்ற பெண்ணின் பெயரைச் சொல்கிறது. அவள் அரண்மனையில் நறுமணத் தைலம் செய்தவள். பூ, எண்ணெய், கோரைக்கிழங்கு, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் கொண்டு அவள் வேலை செய்தாள். இன்று உலகின் முதல் வேதியியலாளர்களில் ஒருத்தி என்று அவளைக் குறிப்பிடுகிறார்கள். அவளோடு வேலை செய்த இன்னொரு பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் பலகை உடைந்துவிட்டது. பின்பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் வீடுகளில் கோரைக்கிழங்கும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் சேர்த்து நலங்கு மாவு அரைத்த பாட்டிகளின் பெயர் பாதிகூட எந்தப் பலகையிலும் இல்லை.

மண்ணும் மணமும் ஒன்றாகும் இடமும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் மழை வாசனையையே அத்தராக்குகிறார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் நீரோடு காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இந்த மண்வாசனையை ஆராய்ந்து, அதற்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டார்கள். ஆய்விதழில் ஒரு பெண்ணின் பெயர் அந்த வாசனையோடு சேர்ந்தது. அதற்கு அவருக்கு ஆய்வகமும் பதவியும் தேவைப்பட்டன.

காஞ்சிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் லிங்கம் மண்ணால் ஆனது. காமாட்சி மாமரத்தடியில் தன் கையால் மணலைக் குவித்து அதைச் செய்தாள் என்றும், வெள்ளம் வந்தபோது கரைந்துவிடாமல் தழுவிக்கொண்டாள் என்றும் புராணம் சொல்லும். மண் என்பதால் லிங்கத்துக்கு நீராட்டு இல்லை, புனுகு சாத்துகிறார்கள். பெண் வனைந்த மண், அதன் மேல் வாசனை. கதையில் நாம் நினைவில் வைத்திருப்பது அவள் தழுவியதைத்தான். அவள் வனைந்ததை யாரும் தொழில் என்று சொல்வதில்லை.

இன்று மண்கலமும் பழங்கால வாசனைத் தைலமும் கைவினை என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகின்றன. 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகிய பெண்கள் பலர் சக்கரத்தில் உட்கார்ந்தார்கள், தங்கள் பெயரில் கண்காட்சி வைத்தார்கள். விலக்கு உடைந்தது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படிப்பும் பணமும் உள்ள பெண்ணுக்கு அது உடைந்த வேகத்தில், குயவர் வீட்டுப் பெண்ணுக்கு உடையவில்லை.

தமிழ்நாட்டில் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. உதவி பெற வேண்டுமானால் தொழிலாளி என்று பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அக்காவிடம் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “அவரு பதிஞ்சிருக்காரு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எம் பேருல பதிஞ்சா என்ன வேலைன்னு எழுதுவாங்க?” என்று கேட்டார்.

மண் மிதிப்பது, அடி தட்டுவது, செம்மண் பூசுவது, சூளை அடுக்குவது என்று நான் சொல்லச் சொல்ல அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு கை போதவில்லை.