முன்னால் கிடக்கும் கற்கள்

1830 ஜூலைத் திங்களில் பாரிஸ் மாநகரின் வீதிகள் போர்க்களமாயின. மூன்று நாள் எழுச்சியில் பத்தாம் சார்லஸ் மன்னரின் அரியணை சரிந்தது. அந்த அமளியை விட்டு அகன்று, ஷார்த்ர் நகருக்கு வந்து சேர்ந்தார் 34 வயது ஓவியர் ஒருவர். அவரே கமீய் கோரோ. அங்கே அவர் தீட்டிய பேராலயக் காட்சி இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தை அணிசெய்கிறது.

கோதுமை வயல்கள் பரந்த சமவெளியின் நடுவே, குன்றின்மீது எழுந்து நிற்பது அன்னை மரியாவின் அப்பேராலயம். நெடுந்தொலைவிலிருந்தே வழிப்போக்கரை அழைப்பது. ஆயினும் கோரோவின் ஓவியத்தில் நம் கண்ணில் முதலில் படுவது ஆலயமன்று; ஒரு மண்மேடும், மெலிந்த மரங்களும், வெட்டிப் போட்ட கட்டடக் கற்களுமே. அவற்றிற்கு அப்பால்தான் இரட்டைக் கோபுரங்கள் வானளாவுகின்றன.

இக்கற்கள் ஏன் முன்னால் கிடக்கின்றன? ஓவியரின் உள்ளத்தை நாம் அறியோம். ஆனால் பேராலயத்தின் வரலாறு அவற்றிற்குப் பொருள் தருகிறது. 1145ஆம் ஆண்டளவில் ஷார்த்ர் மக்கள் கல்லேற்றிய வண்டிகளைத் தம் தோள்களாலேயே இழுத்து வந்தனர் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்தார். 1194இல் பெருந்தீ ஆலயத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. அன்னையின் ஆடையென மக்கள் போற்றிய திருப்பண்டம் மட்டும் சேதமின்றி மீண்டது. அதனை அழைப்பாகவே ஏற்று அவர்கள் மறுபடியும் கட்டினர். 1260இல் புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பெற்றது. 1506இல் மின்னல் வடகோபுரத்தின் மரக்கூம்பை எரித்தது. அவ்விடத்தில் கல்லால் புதிய கூம்பு எழுந்தது. ஆதலால்தான் இரு கோபுரங்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை.

கோரோ கண்டபோது ஆலயத்தின் பழைய மரக்கூரை அப்படியே இருந்தது. ஆறே ஆண்டுகளில், 1836 ஜூனில், அதுவும் சாம்பலாயிற்று. அரியணைகள் சாயும் நாளில் அசையாததைத் தேடி வந்தவர், அழியவிருந்த ஒன்றையே தீட்டியிருந்தார்! மக்களோ இரும்புச் சட்டகமும் செப்புத் தகடும் கொண்டு கூரையை மீண்டும் வேய்ந்தனர். 1872இல், முதுமையில், கோரோவும் அதே ஓவியத்தில் மீண்டும் தூரிகை தொட்டுத் திருத்தினார்.

'நம் முன்னோர் கட்டி முடித்துவிட்டார்கள். நாம் காத்து நின்றால் போதும்' என்று எண்ணுவது நமக்கு எளிது. ஷார்த்ர் அவ்வாறு நின்றதன்று. எரிந்தபோதெல்லாம் எவரோ மீண்டும் கல் சுமந்தனர், அதனால் நின்றது. நம்மை உயிருள்ள கற்கள் என்றழைக்கிறார் திருத்தூதர் பேதுரு. கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் நாம், நம் காலடியில் காத்துக் கிடக்கும் கல்லையும் சற்றே குனிந்து பார்ப்போமா?