செட்டிநாட்டில் வீடு ஒழித்த காலம்

பர்மாவில் லேவாதேவி நடத்திப் பெருந்திரவியம் ஈட்டிய செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார், அத்தேசத்துத் தேக்கைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டு வாசலுமாக எழுப்பிய மாளிகைகளுள் பல, 1942-ல் நேர்ந்த ஜப்பானியப் படையெடுப்பால் அவ்வர்த்தகம் குலைந்த பிற்காலத்தில், பராமரிக்க வகையின்றி விலைக்கு வந்தன. தகப்பன் வீட்டில் மகன்கள் ஒவ்வொருவரும் மணமானதும் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படும் ஒரு புள்ளியாகி, தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகிவிட்டமையால், அனைவரின் சம்மதமும் பெற்று அறைகளைத் திறப்பதே பிரயாசையான காரியமாயிற்று.

திறந்தால், பெண்ணுக்குச் சீராக வந்து ஒருநாளும் அடுப்பேறாத வெண்கலப் பானைகள், பித்தளை அண்டாக்கள், வரிசை குலையாத மங்குத் தட்டுகள். பாத்திரத்தின் விளிம்பிலே குடும்ப விலாசத்தின் எழுத்துக்கள். அவ்வெழுத்துக்களோடேயே அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. சாமான் கைமாறுவது உலக இயல்பு; ஆனால், தூண்களையும் நிலைக்கதவுகளையும் தனித்தனியே பெயர்த்து விற்றதை நஷ்டமென்றே நான் கருதுகிறேன்.

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், அவ்வாறு பிரித்தெடுத்த பாகங்களைக் கொண்டே செட்டிநாட்டு வீடொன்றை மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.