எந்தக் கட்டத்தில் பிழை?

ஒன்லைன் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புகிறோம். தொலைபேசி எண்ணுக்குக் கீழே மட்டும் சிவப்பில் ஒரு வரி வருகிறது: 'ஓர் இலக்கம் குறைகிறது.' மற்றதெல்லாம் நாங்கள் எழுதினபடியே இருக்கு. எப்பவும் இப்பிடித்தான் எண்டு நினைக்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி அந்த இடத்துக்கு வந்து சேர ஆண்டுக்கணக்காகியது.

1993இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் சி.ஜி.ஐ. என்ற முறை உருவானது. படிவத்தில் எழுதியதை அது சேர்வரிலுள்ள நிரலிடம் கொடுக்கும். நிரல் பதிலாக ஒரு முழுப் பக்கத்தை அனுப்பும். ஒரு கட்டம் பிழைத்தாலும் பக்கம் முழுக்கப் புதிதாக வரும். நாங்கள் எழுதியதை நிரல் திரும்ப நிரப்பித் தந்தால் தப்பினோம். இல்லாட்டி முதலில இருந்து தொடங்கவேணும்.

1995இல் நெற்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். படிவத்தை அனுப்பமுன் உலாவியிலேயே சரிபார்க்க முடிந்தது. ஆனால் உலாவி இருப்பது பயனரின் கையில். அங்குள்ள சோதனையை அவர் நிறுத்திவிடலாம். அதோட, ஒரு மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியிருக்கா என்பது தரவுத்தளத்துக்குத்தான் தெரியும். ஆகவே கடைசித் தீர்ப்பு சேர்வரிடமே இருந்தது.

அந்தத் தீர்ப்பைப் பக்கத்தைக் கலைக்காமல் எப்படிச் சொல்வது? விடை இரண்டு பக்கத்தால் வந்தது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பின்னணியில் சேர்வரோடு பேசும் வழியைக் கொண்டுவந்தது. 2005இல் ஜெசி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இதற்கிடையில் டக்ளஸ் குரொக்ஃபோர்ட், ஜாவாஸ்கிரிப்டின் எழுத்துமுறையிலிருந்தே ஜேசன் வடிவத்தை எடுத்துப் பரப்பினார். இப்ப சேர்வர் முழுப் பக்கத்தை அனுப்பத் தேவையில்லை. கட்டத்தின் பெயர், அதன் பிழை எனச் சோடி சோடியாக அனுப்பினால் போதும். உலாவி ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் போடும்.

ஒரு குழப்பம் மிஞ்சியது. பல சேர்வர்கள் பிழைப் பட்டியலையும் 200 என்ற 'எல்லாம் சரி' எண்ணோடு அனுப்பின. 'விளங்குது, ஆனால் ஏற்கமுடியாது' என்பதற்கான 422, 1999இல் வெப்டாவ் என்ற நீட்சிக்காக வந்தது. படிவப் பிழைகளுக்கும் நிரலாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். 2022இல் அது எச்.ரி.ரி.பி.யின் பொது விதிக்குள் சேர்ந்தது. பிழைச் செய்தியின் பொது வடிவத்துக்கு 2016இல் ஒரு நியமம் வந்து, 2023இல் திருத்தப்பட்டது.

ஆனாலும் எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயரோ அதன் முதலெழுத்தோதான் இருக்கு. 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற வரி சரியான கட்டத்துக்குக் கீழே, சரியான எண்ணோடு, ஒழுங்கான ஜேசனாக வரும். அதில் பிழை எங்களுடையது அல்ல, விதியுடையது. அந்த விதியை எழுதுவதும் ஒரு மனிதர்தான். நாளைக்கு எங்களில் ஒருவர் அதை எழுதும்போது, முதலில் இதைக் கேட்கவேணும்: இந்தக் கட்டம் உண்மையிலேயே எல்லாருக்கும் கட்டாயமா?