சமையலறையில் பிறந்த அளவை

தூய நீரின் மேற்பரப்பு இறுகிய மென்தோல்போல் நிற்கும். அவ்விறுக்கமே பரப்பிழுவிசை. நீரில் அதன் அளவு, அறை வெப்பநிலையில், சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 73 தைன். சவர்க்காரம் கரைந்தால் அது பாதிக்கும் கீழே தாழும். சாய்ந்தமருதில் மீன்கறி உண்ட கோப்பையைக் கழுவுவோர் யாவரும் அதன் பயனை அறிவர்.

இவ்விசையை அளப்பதற்குப் புதுவழி கண்டவர் ஆக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண்மணி. 1862இல் பிறந்த இவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தார். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைத்திருந்தது. தம்பி பௌதிகம் பயின்றார். தமக்கையோ நோயுற்ற பெற்றோரைப் பேணினார்.

ஆயினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தகரத் தொட்டியில் நீரை நிரப்பினார். நீர்ப்பரப்பைத் தொட்டுநின்ற சிறு பொத்தானைப் பிரித்தெடுக்க வேண்டிய விசையைத் தராசினால் நிறுத்தார். குறுக்கே வைத்த தகரக் கீலத்தை நகர்த்தி, மாசு படிந்த பரப்பு ஒடுங்குந்தோறும் இழுவிசை குறைவதைக் கண்டார்.

1891இல் இவற்றை ராலே பிரபுவுக்கு எழுதினார். பட்டமில்லாத ஒருவரின் கடிதமென்று பிரபு அதனை ஒதுக்கிவிடவில்லை. 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். அத்தொட்டியைத் திருத்தியமைத்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் இரவிங் லாங்மியூர் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில், எழுபதாம் வயதில், பொக்கெல்ஸுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அறிவுக்கு ஆய்வுகூடம் மட்டும் போதாது. எளியோர் சொல்லையும் செவிமடுக்கும் பெருந்தன்மை வேண்டும்.