கட்டங்களிலிருந்து மேடைக்கு: 'ஃபன் ஹோம்' நாடகமான கதை

'ஃபன் ஹோம்' என்ற பெயரைக் கேட்டால் ஏதோ சிரிப்புப் படம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது 'ஃப்யூனரல் ஹோம்' என்பதன் செல்லச் சுருக்கம். இறந்தவர் உடலைக் கழுவி, மருந்தேற்றி, உடுத்தி, உறவினர் பார்வைக்கு வைக்கும் இடம். நம் பக்கம் இந்தத் தொழில் அவ்வளவாக இல்லை. இலங்கைத் தமிழில் 'மலர்ச்சாலை' என்று அழகாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீச் கிரீக் என்ற குட்டி ஊரில் அப்படி ஒரு மலர்ச்சாலையைப் பரம்பரையாக நடத்திய குடும்பம் பெக்டெல் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்தான் 'ஃபன் ஹோம்'.

அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் ஆலிசன் பெக்டெல், 1960இல் பிறந்தவர். சினிமா பற்றி இணையத்தில் வாதம் செய்கிறவர்கள் 'பெக்டெல் சோதனை' என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, பேசுவது ஆணைப் பற்றி அல்லாத வேறு விஷயமா என்ற மூன்று கேள்விகள். அது இவர் 1985இல் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்திலிருந்து வந்தது. (யோசனை தன் தோழியுடையது என்று அவரே சொல்லிவிட்டார். நேர்மையான மனுஷி!)

சரி, கதைக்கு வருவோம்.

அப்பா புரூஸ் பெக்டெல் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், மீதி நேரத்தில் மலர்ச்சாலை. அதற்கும் மிஞ்சிய நேரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய தன் வீட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார். சுவர்த்தாள், விளக்கு, பழைய நாற்காலி என்று ஒவ்வொன்றும் அவர் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் உட்பட. மகளுக்கு கவுன் போட்டுத் தலையில் கிளிப் மாட்டிவிட அவர் படாத பாடு படுவார். மகளுக்கோ ஆண்பிள்ளை மாதிரி உடுத்தத்தான் ஆசை.

1980இல் ஓபர்லின் கல்லூரியில் படிக்கும்போது, தான் ஒரு லெஸ்பியன் என்று ஆலிசன் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்கு அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அப்பாவுக்கும் ஆண்களோடு உறவு இருந்திருக்கிறது. அவர்களில் சிலர் அவருடைய பழைய மாணவர்கள், வயது குறைந்தவர்கள். இது நடந்து சில மாதங்களில், 1980 ஜூலையில், புரூஸ் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனார். வயது 44. விபத்தா தற்கொலையா என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தற்கொலைதான் என்று மகள் நம்புகிறார். தன் கடிதம்தான் காரணமோ என்ற கேள்வியும் அவரை விடவில்லை.

இதை எழுதி முடிக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. சித்திர நாவல் வடிவில் வந்த அந்தத் தன்வரலாறு 2006இல் வெளியானது. அவ்வாண்டின் சிறந்த புத்தகம் என்று 'டைம்' பத்திரிகை தேர்ந்தெடுத்தது. நாவல் என்று சொன்னாலும் கற்பனை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய டைரி, அப்பாவின் கடிதங்கள், குடும்பப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் கையால் பிரதி எடுத்து வரைந்தார். இன்னொரு விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஒவ்வொரு படத்துக்கும் அவரே அந்தப் பாத்திரம் மாதிரி நின்று, உட்கார்ந்து, கையை நீட்டித் தன்னைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து வரைவாராம். அப்பாவாக நின்றதும் அவரே, பிணவறையில் கத்தரிக்கோலை நீட்டும் சிறுமியாக நின்றதும் அவரே. ஆக, மேடை ஏறுவதற்கு முன்பே இந்தக் கதையை ஒரே ஆள் முழுக்க நடித்துப் பார்த்திருக்கிறார்!

இதை நாடகமாக்கலாம் என்று கிளம்பியவர்கள் இரண்டு பெண்கள். வசனமும் பாடல்வரிகளும் லிசா க்ரோன், இசை ஜெனீன் டெசோரி. க்ரோன் ஏற்கெனவே தன் அப்பாவைப் பற்றி ஒரு நாடகமும் அம்மாவைப் பற்றி ஒரு நாடகமும் எழுதி அதில் தானே நடித்தவர், அவரும் லெஸ்பியன். சொந்தக் குடும்பத்தை மேடையில் வைப்பதில் உள்ள கூச்சமும் ஆபத்தும் அவருக்குத் தெரியும். பல பட்டறைகள், திருத்தங்கள் எனச் சில ஆண்டுகள் ஓடின.

அவர்களுக்கு இருந்த சிக்கல் சாதாரணமானதல்ல. இந்தப் புத்தகத்தில் 'நடப்பது' மிகக் குறைவு. அப்பா இறந்துவிட்டார் என்பதும் அவர் யார் என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஆசிரியர் அதே சில சம்பவங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறார், ஒவ்வொரு முறையும் ஜாய்ஸ், புரூஸ்ட், காம்யூ என்று ஓர் எழுத்தாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. படத்தில் சிறுமி ஏதோ செய்துகொண்டிருப்பாள். மேலே உள்ள குறிப்பில் நாற்பது வயதுப் பெண் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. மேடையில் குறிப்புக்கு எங்கே போவது?

அவர்கள் கண்ட வழி, ஒரு ஆலிசனுக்குப் பதில் மூன்று ஆலிசன். ஒன்பது பத்து வயதுச் சிறுமி, கல்லூரி மாணவி, நாற்பதைத் தாண்டிய ஓவியர். மூத்தவர் மேடையை விட்டுப் போவதே இல்லை எனலாம். கையில் பேனாவோடு நின்று தன் சிறு வயதைப் பார்ப்பார், வரைவார். நடுநடுவே 'குறிப்பு:' என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்வார். சில சமயம் வாக்கியம் சரியாக வராமல் அடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். புத்தகத்தில் முடிந்த பொருளாக இருந்த குறிப்பு, மேடையில் தேடலாக மாறிவிடுகிறது. நடந்தது என்ன என்பதை விட, நடந்ததை இவர் எப்படி வரையப் போகிறார் என்பதே நாடகத்தின் கேள்வி. இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் இது சோகமான குடும்பக் கதையாக மட்டும் நின்றிருக்கும்.

எதை விட்டார்கள், எதைப் பெருக்கினார்கள் என்று பார்ப்பது நல்ல பாடம். இலக்கிய மேற்கோள்களில் பெரும்பகுதி போய்விட்டது. அப்பாவோடு சம்பந்தப்பட்ட இளைஞர்கள் எல்லோரையும் ஒரே நடிகர் செய்தார். செலவு மிச்சம் என்று நினைக்கலாம். ஆனால் ஒரே முகம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்குள் வரும்போது, அப்பாவின் வாழ்க்கை எந்த வட்டத்தில் சுழன்றது என்று ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது.

பெருக்கியதற்கு உதாரணம் சாவிக்கொத்து. புத்தகத்தில் சிறுமியும் அப்பாவும் ஓர் உணவகத்தில் இருக்கும்போது சாமான் இறக்கும் பெண் ஒருத்தி உள்ளே வருகிறாள். ஆண் உடை, கட்டை முடி, இடுப்பில் சாவிக்கொத்து. அப்படி ஒரு பெண் உலகில் இருக்க முடியும் என்பதே சிறுமிக்கு அன்றுதான் தெரிகிறது. நீயும் அப்படி ஆக ஆசைப்படுகிறாயா என்று அப்பா கேட்கிறார்; இல்லை என்கிறாள், வேறென்ன சொல்வாள்? புத்தகத்தில் இது சில கட்டங்களில் முடிந்துவிடும். நாடகத்தில் ஒரு முழுப் பாட்டு! அதுவும் தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் தடுமாறும் பாட்டு. 'காதல்' என்ற சொல்லும் அங்கே பொருந்தாது, 'ஆசை' என்பதும் பொருந்தாது. தன்னை ஒத்த ஓர் ஆளை முதன்முதலாகக் கண்டதன் திகைப்பு மட்டும்தான். தன்பாலீர்ப்பு உள்ள குழந்தையைப் பற்றிப் பேசினாலே பெரியவர்கள் உடனே அதைப் பாலுறவு விஷயமாக்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு இவ்வளவு மென்மையான மறுப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது.

அடுத்தது கார். அப்பா இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு மகளும் அவரும் சினிமாவுக்குக் காரில் போகிறார்கள். பேச வேண்டிய அனைத்தையும் பேச அதுதான் கடைசி வாய்ப்பு. ஓரிரு வாக்கியங்களோடு பேச்சு நின்றுபோகிறது. புத்தகத்தில் இதற்கு மட்டும் பக்கம் முழுக்க ஒரே அளவுச் சின்னக் கட்டங்கள்; இரண்டு முகங்கள், ஒரு கார் ஜன்னல், அவ்வளவே. மேடையில் இதை எப்படிக் காட்டுவது? காரில் ஏற வேண்டியவர் கல்லூரி ஆலிசன். ஆனால் அவர் ஏறவில்லை. அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஆலிசன் போய் அப்பா பக்கத்தில் உட்கார்கிறார். அப்பாவின் வயதை எட்டிவிட்ட மகள், என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தே, இந்த முறையாவது பேசிவிட வேண்டும் என்று பரிதவிக்கிறார். இந்த முறையும் பேச முடியவில்லை. வரைந்த புத்தகத்தால் செய்ய முடியாத ஒன்றை மேடை செய்த இடம் இது.

2013 அக்டோபரில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் நாடகம் தொடங்கியது. இயக்கம் சாம் கோல்ட். ஆலிசனின் தாய் ஹெலன் வாலிப வயதிலிருந்து நாடகப் பைத்தியம், உள்ளூர்க் குழுக்களில் நடித்தவர். தன்னை ஒரு பாத்திரமாக வைத்த இந்த நாடகத்தைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு மே மாதம் காலமாகிவிட்டார். நாடகத்தில் வரும் ஹெலன், தான் பொறுத்துப்போன வருடங்களை எண்ணிப் பாடிவிட்டு, என்னைப் போல் நீ ஆகிவிடாதே என்று மகளிடம் சொல்கிறார். அப்பா மகள் கதையில் அம்மாவுக்கு உரிய இடம் கிடைத்தது அந்தப் பாட்டில்தான்.

இதற்கிடையில் தென் கரோலினாவில் ஒரு கூத்து. சார்ல்ஸ்டன் கல்லூரி 2013இல் புது மாணவர்கள் படிக்க இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்தது. கட்டாயம்கூட இல்லை. கோபமடைந்த மாநிலச் சட்டமன்றக் கீழவை 2014இல் கல்லூரியின் நிதியில் 52,000 டாலரை வெட்ட வாக்களித்தது. அந்த வாசிப்புத் திட்டத்துக்கு ஆன செலவு எவ்வளவோ அவ்வளவு! நியூயார்க்கில் நாடகம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நடிகர்கள் 2014 ஏப்ரலில் சார்ல்ஸ்டனுக்கே வந்து பாடல்களைப் பாடிக் காட்டினார்கள்; பெக்டெலும் வந்திருந்தார். கடைசியில் பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அதை அமெரிக்க அரசியல் சாசனம் போன்றவற்றைக் கற்பிக்கச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கருத்துச் சுதந்திரமும் அந்தச் சாசனத்தில்தான் இருக்கிறது என்பது சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தோன்றியதோ இல்லையோ.

2015 ஏப்ரலில் நாடகம் பிராட்வேக்குப் போனது. சர்க்கிள் இன் தி ஸ்கொயர் அரங்கில் பார்வையாளர்கள் மேடையைச் சுற்றி உட்காருவார்கள். அதனால் காட்சி அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. மேசை நாற்காலிகள் தரைக்குள்ளிருந்து எழும்பி மறுபடி தரைக்குள் மறைந்தன. டோனி விருதுகளுக்கு 12 பரிந்துரைகள், கிடைத்தவை ஐந்து: சிறந்த இசை நாடகம், வசனம், இசை, இயக்கம், அப்பாவாக நடித்த மைக்கேல் செர்வரிஸுக்குச் சிறந்த நடிகர். பெண்கள் மட்டுமே சேர்ந்து எழுதிய படைப்புக்கு இசை விருது கிடைத்தது டோனி வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த விருதை வாங்கும் காட்சி தொலைக்காட்சி நேரலையில் வரவில்லை. ஆனால் சிட்னி லூக்கஸ் என்ற 11 வயதுச் சிறுமி மேடையில் தனியாக நின்று சாவிக்கொத்துப் பாட்டைப் பாடியது வந்தது. ஒரு லெஸ்பியன் சிறுமியின் மனதை நாடு முழுதும் வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டது.

2016 மார்ச்சில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் சமந்தா பவர், 17 நாடுகளின் தூதர்களை இந்த நாடகத்துக்கு அழைத்துப் போனார். அதே ஆண்டு ஜூனில் ஆர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடுத்த மாதமே நடிகர் குழு அந்த ஊருக்குப் போய் நிதி திரட்ட நாடகத்தை நிகழ்த்தியது. செப்டம்பர் 2016இல், 580க்கும் மேற்பட்ட காட்சிகளுக்குப் பிறகு, பிராட்வேயில் திரை விழுந்தது. 2018இல் லண்டனின் யங் விக் அரங்கம் அதை எடுத்துக்கொண்டது.

முதல் காட்சியில் சிறுமி அப்பாவிடம் விமான விளையாட்டு ஆடச் சொல்லிக் கெஞ்சுவாள். அப்பா மல்லாந்து படுத்து, கால்களை உயர்த்தி, பாதங்களின்மேல் அவளைத் தாங்க வேண்டும். அவள் கையை விரித்துப் பறப்பாள். புத்தகம் தொடங்குவதும் இந்த விளையாட்டில்தான், ஆனால் முடிவது நீச்சல் குளத்தில், கீழே நிற்கும் அப்பாவை நோக்கிச் சிறுமி குதிக்கும் படத்தோடு. மேடையில் குளம் தோண்ட முடியாதே. அதனால் மூன்று ஆலிசன்களும் ஒன்றாகப் பாடி முடிக்க, சிறுமி மறுபடி அப்பாவின் பாதங்களின்மேல் ஏறி விமானமாகிறாள்.