சின்னக் கார், பெரிய பிக்கப்

எங்கள் பெரம்பலூரில் ரயில் கிடையாது. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும் ஸ்டேஷன் வரவில்லை. அரியலூரில் ஸ்டேஷன் உண்டு. ஆனால் அங்கே போய் ரயிலைப் பிடிக்கவே சுமார் 30 கிலோமீட்டர் ரோட்டில் போக வேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த பூமி. அந்த ரோடுகளில் லாரிகளுக்குக் குறைவே இருக்காது. முன்னால் ஊர்ந்து போகும் லாரியைப் பத்திரமாகத் தாண்டுவதுதான் இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுவதில் பாதி வேலை. ஆகவே 'பிக்கப்' என்று நாம் சொல்லும் அந்தச் சங்கதி இங்கே வாலிபர்களின் விளையாட்டு மட்டும் அல்ல. விலை குறைந்த சின்னக் காருக்குள் நல்ல பிக்கப் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் நம்முடைய சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

நம் வயதுக்காரர்களுக்குக் கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் ஃபியட். அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல் எடை. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் சக்தியோ ஏறக்குறைய 50 குதிரை. ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சமயபுரம் போய்வரலாம். ஆனால் லாரியைத் தாண்ட வேண்டுமானால் டிரைவர் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, நீண்ட நேரம் யோசிப்பார்.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 காரின் முதல் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி. அதற்கு முன்பே லட்சத்துக்கும் அதிகமானோர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் குறைவான குதிரை. தீப்பெட்டி என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் காரின் எடை 600 சொச்சம் கிலோதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டன்னுக்கு எத்தனை குதிரை என்று பார்த்தால், அம்பாசிடரைவிட இந்தத் தீப்பெட்டிதான் மேல். பெரிய இன்ஜின் வேண்டாம், எடை குறைந்தால் போதும் என்ற பாடத்தை நம் ரோட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது மாருதிதான்.

வெளிநாட்டில் இந்தப் பாடம் முன்பே தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் ஜான் கூப்பர் என்பவர் சாதாரண மினி காரைத் திருத்தி, 1961இல் மினி கூப்பராக வரவைத்தார். அந்தக் குட்டிக் கார் மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் ஜெயித்தது. ஜெர்மனியில் 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரை. ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. குடும்பத்தோடு போகவும் உதவும், தனியாகப் போனால் சந்தோஷமும் தரும் சின்னக் கார் என்ற வகை அதன் பிறகு உலகமெங்கும் பரவியது.

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஊர் என்றால் கோயம்புத்தூர்தான். அங்கே எஸ். கரிவரதன் என்ற பந்தய வீரர் மாருதி 800 இன்ஜினையே எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கோடீஸ்வரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த பந்தயத்தைச் செலவு குறைத்துப் பலருக்கும் எட்டும்படி செய்தவர் அவர். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர், ஃபார்முலா மாருதியில் பழகியவர். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடையில் வாங்கக்கூடிய வேகச் சின்னக் கார் என்றால், 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஒரு மைல்கல். சுமார் நூறு குதிரை. சச்சின் டெண்டுல்கர் விளம்பரம் செய்தார். பெட்ரோல் குடிக்கும் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பிறகு வரி விளையாடியது. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் சின்னக் கார் என்று வகுத்து, கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டாமல் சக்தியைக் கூட்ட ஒரே வழி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சிறு விசிறி ஒன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அவ்வளவுதான் விஷயம். 2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டரில் 105 குதிரை. 2017இல் பலேனோ ஆர்எஸ், ஒரு லிட்டரில் 102 குதிரை. இடையில் 2015இல் வந்த அபார்த் புன்டோ 145 குதிரையோடு எல்லோரையும் மிரட்டியது. ஆனால் 1.4 லிட்டர் என்பதால் வரிச் சலுகைக்கு வெளியே நின்றது. விலை பத்து லட்சத்தைத் தொட்டது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 2018 அக்டோபரில் வந்த டியாகோ ஜேடிபி. டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சரிபாதியாகச் சேர்ந்து செய்தது. சாதாரண டியாகோ 85 குதிரை. அதே உடம்பில் 1.2 லிட்டர் டர்போ வைத்து 114 குதிரை ஆக்கினார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 10 வினாடி. விலை 6 லட்சத்து 39 ஆயிரம். நூறு குதிரைக்கு மேல் இவ்வளவு குறைந்த விலையில் கிடைத்தது பெரிய விஷயம்.

என் தங்கை மகன் அதில் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி வைத்திருக்கிறான். "மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று ஒருநாள் சாவியைக் கொடுத்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஓட்டினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இடுப்புக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஸ்பிரிங் விறைப்பு. ஆனால் சிமென்ட் லாரி ஒன்றைத் தாண்டியபோது புரிந்தது. மூன்றாவது கியர், ஒரு மிதி, தாண்டியாயிற்று.

ஒரு சின்னக் கணக்கு. நாம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே பஸ்ஸும் அதே வேகத்தில் வந்தால், இடைவெளி வினாடிக்கு 44 மீட்டர் குறைகிறது. தாண்டுவதில் மூன்று வினாடி மிச்சமானால் 130 மீட்டர் மிச்சம். இருவழி ரோட்டில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையே பல சமயம் அவ்வளவு தூரம்கூட இருப்பதில்லை. பந்தயத்துக்கு உதவும் பிக்கப், நம் ரோட்டில் எதிர்ப்பக்கம் நிற்கும் நேரத்தைக் குறைக்கவும் உதவுகிறது.

ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் ஜேடிபி நின்றது, கூட்டு முயற்சியும் முடிந்தது. பலேனோ ஆர்எஸ்ஸும் அந்த வருடத்தோடு சரி. புகை விதியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கார் வாங்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். லாரியைத் தாண்ட எத்தனை வினாடி என்று கேட்பதில்லை. கேட்காத பொருளை யாரும் நெடுநாள் செய்ய மாட்டார்கள். 2021இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 120 குதிரையோடு ஐ20 என் லைன் வந்தது, ஆனால் விலை பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது.

பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நாலு மடங்காகும். நாலுவழிச் சாலையில் திருச்சிக்குப் போகும்போது இந்தச் சக்தி முழுவதையும் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அது கையிருப்புப் பணம் மாதிரி. அவசரத்துக்கு இருந்தால் தைரியம், தினமும் செலவழித்தால் ஆபத்து.